குப்பைக் குவியலில் கிடைத்த வாசல்

இடிபடும் தறவாடுகளிலிருந்து வெளியேறும் கட்டிலும் பத்தாயமும் திருவனந்தபுரத்தில் மறுபிறவி எடுக்கின்றன. ஆனால் எல்லா மறுபிறவியும் மீட்பு ஆகிவிடுமா?

திருவனந்தபுரத்தின் ஆக்குளத்தில் 1974க்கும் 1976க்கும் இடையே ஒரு சினிமா ஸ்டூடியோ எழுந்தது. அடூர் கோபாலகிருஷ்ணனின் முதல் படமான ‘சுயம்வரம்’ (1972) படத்தைத் தயாரித்த சித்ரலேகா திரைப்படக் கூட்டுறவுச் சங்கத்தின் ஸ்டூடியோ அது. கட்டடம் புத்தம் புதியது. நுழைவாயிலில் நின்றதோ நுணுக்கமாகச் செதுக்கிய பழைய மரவேலை. எந்த அரண்மனையிலிருந்தும் அது விலைபேசி வாங்கப்படவில்லை. வேண்டாமென்று கழித்துப்போட்ட சாமான் குவியலில் கிடந்ததைக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கண்டெடுத்துப் புதுக் கட்டடத்துக்கு வாசலாக்கிவிட்டார்.

பேக்கருக்கு இது வழக்கம்தான். பழைய சாமான் குவியல்களில் நுழைந்து கதவு, ஜன்னல், நிலை என்று கிளறிக்கொண்டிருப்பார். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்த இந்த க்வேக்கர், இரண்டாம் உலகப் போரின்போது சீனாவில் மருத்துவ உதவிப் பணி செய்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்தார். அங்கேதான் காந்தியைச் சந்தித்தார். காந்தியின் கண்ணில் முதலில் பட்டது பேக்கரின் முகமல்ல, கால். கழிந்த துணித் துண்டுகளை வைத்துக் கையால் தைத்த காலணி போட்டிருந்தார் அவர். அந்தப் பேச்சு எங்கெங்கோ சென்று, 1945இல் பேக்கர் இந்தியாவுக்கே திரும்பிவந்ததில் முடிந்தது. பித்தோராகரில் மலைவாசம், பிறகு வாகமண், கடைசியில் திருவனந்தபுரம். 2007இல் இறக்கும்வரை அந்த நகரம்தான் அவருக்கு வீடு.

நாலாஞ்சிறையில் செங்குத்தான பாறைச் சரிவில் அவர் தனக்காகக் கட்டிக்கொண்ட ‘ஹேம்லெட்’ ஒரே நாளில் கட்டிய வீடல்ல. சிறியதாகத் தொடங்கி, தேவைக்கேற்ப ஒட்டி ஒட்டி வளர்ந்தது. பழைய மரத் துண்டுகள், உடைந்த பீங்கான், கண்ணாடிச் சில்லு என்று அடுத்தவர் குப்பையில் போடுவதெல்லாம் அங்கே சுவரேறியது. மர விஷயத்தில் பேக்கர் கஞ்சர். மேலும் கீழும் இரண்டு முளைகளில் சுழலும் ஒரே ஒரு பலகை, அதுதான் அவருடைய ஜன்னல். அதற்கு நிலைச்சட்டம்கூடக் கிடையாது. புது மரத்தை இவ்வளவு சிக்கனமாகச் செலவழித்தவர், பழைய செதுக்கு வேலை கண்ணில் பட்டால் மட்டும் அதற்குத் தகுந்தாற்போல் வரைபடத்தையே மாற்றிக்கொள்ளத் தயங்கமாட்டார். கட்டடத்துக்காகப் பொருளைத் தேடுவதைவிடக் கிடைத்த பொருளுக்காகக் கட்டடத்தை வளைப்பது அவருக்குச் சுலபமாக வந்தது.

இன்று திருவனந்தபுரத்தில் பழைய கட்டிலைத் திவானாகவும் பத்தாயத்தைச் சாப்பாட்டு மேசையாகவும் மாற்ற விரும்புகிறவர்களுக்குப் பேக்கர் ஒரு முன்னோடி மாதிரி. ஆனால் குவியலில் இவ்வளவு நல்ல மரம் எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் யோசிக்க வேண்டிய கதை.

பாகப்பிரிவினை தந்த மரம்

அந்தக் கதை தச்சுப் பட்டறையில் தொடங்கவில்லை. சட்டப் புத்தகத்தில் தொடங்குகிறது. திருவிதாங்கூரில் நாயர் குடும்பங்கள் தாய்வழிக் கூட்டுக் குடும்பங்களாகத் தறவாடுகளில் வாழ்ந்தன. 1925இன் நாயர் சட்டம், குடும்பச் சொத்தை ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக்கொள்ள வழிவிட்டது. அரை நூற்றாண்டு கழித்து, கேரளக் கூட்டு இந்துக் குடும்ப முறை ஒழிப்புச் சட்டம் 1976 டிசம்பர் 1 முதல் அந்த ஏற்பாட்டையே சட்டரீதியாக முடித்துவைத்தது. நிலத்தைப் பிரிக்கலாம், தென்னையை எண்ணிப் பிரிக்கலாம். நாலுகட்டு வீட்டை எப்படிப் பிரிப்பது? இடித்து, மரத்தை விற்று, பணத்தைப் பிரித்துக்கொள்வதுதான் எளிய வழியாக இருந்தது. அதே 1970களில் வளைகுடாப் பணம் வரத் தொடங்கியது. காங்கிரீட் கூரை அந்தஸ்தின் அடையாளமானது. ஓட்டுக் கூரைக்குக் கீழே இருந்தவையெல்லாம் ஒரே நாளில் பழையதாகிவிட்டன.

அப்படி வெளியே வந்த சாமான்களின் பட்டியல் தமிழ் வாசகர்களுக்கு அந்நியமாக இருக்காது. நெல் கொட்டி வைக்கும் பத்தாயம், சங்கிலியில் தொங்கும் ஆட்டுக்கட்டில், உட்கார்ந்து சாப்பிடும் ஆமைப் பலகை, பித்தளைப் பட்டை அடித்து வீட்டுக் கூரையின் வடிவில் மூடி போட்ட நெட்டூர்ப் பெட்டி. இந்தப் பெட்டியில்தான் வீட்டுப் பெண்களின் நகைகள் இருந்தன. பழைய மலையாள வீட்டில் நாற்காலி மிகக் குறைவு. தரையும் திண்ணையும் பாயும் போதுமாயிருந்தன. போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வந்தவர்களோடு நாற்காலியும் அலமாரியும் எழுதுமேசையும் வந்தன. உள்ளூர் ஆசாரிகள் அவற்றைப் பார்த்து, தங்கள் மரத்தில், தங்கள் கைப்பழக்கத்தில் செய்தார்கள். தோட்டத் துரைமார்களின் நீண்ட கைகள் கொண்ட சாய்வு நாற்காலி அப்படித்தான் தறவாட்டுப் பூமுகத்துக்குக் குடிவந்து, காரணவரின் சிம்மாசனமானது. மலையாளிகளுக்கு அது சாருகசேரை. வைக்கம் முகம்மது பஷீரைப் பேப்பூர் வீட்டு மாங்குஸ்தான் மரத்தடியில் சாருகசேரை இல்லாமல் நினைத்துப் பார்ப்பதே கஷ்டம்.

நாற்காலிக்கும் குடும்ப வீழ்ச்சிக்கும் உள்ள உறவைத் தமிழில் எழுதியவர் அதே திருவிதாங்கூர் மண்ணில் பிறந்தவர். தேங்காய்ப்பட்டணத்துக்காரரான தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’ 1997இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. நொடித்துப்போன ஒரு பழைய முஸ்லிம் குடும்பத்தின் கதை அது. வீட்டிலிருந்து பொருள்கள் ஒவ்வொன்றாக வெளியேற, பழம்பெருமை மட்டும் நாற்காலியைவிட்டு எழுந்திருக்க மறுக்கிறது. தறவாடானாலும் சரி, மன்சிலானாலும் சரி, செட்டிநாட்டு வீடானாலும் சரி, சாமான் தெருவுக்கு வருவது இப்படித்தான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் அடுக்கியிருக்கும் பர்மா தேக்குத் தூண்களுக்கும், யூதர்கள் இஸ்ரேலுக்குப் போனபின் மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் பெருகிய கடைகளுக்கும் பின்னால் ஆளில்லாத வீடுகள் இருக்கின்றன.

உளியைவிடப் பொறுமை

திருவனந்தபுரத்தின் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றுக்குப் பிரம்பு கிழிந்த நாற்காலி ஒன்று வருகிறது என்று வையுங்கள். வீட்டுக்காரர் பார்ப்பது பிரம்பை. ஆசாரி முதலில் பார்ப்பது காலை. நாற்காலியைக் கவிழ்த்து, கால்கள் சட்டத்தில் சேரும் இடத்தைத் தட்டிப் பார்ப்பார். கணீரென்று கேட்டால் வைரம் பாய்ந்த மரம். மொத்தென்று கேட்டால் உள்ளே வண்டு குடியிருக்கிறது. மரத்தின் நடுப்பகுதியான வைரத்தை வண்டு பொதுவாகத் தொடுவதில்லை. அதைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதிதான் அதற்கு விருந்து. முன்னோர் ஆசாரிகள் வெள்ளையை ஒதுக்கிவிட்டே மரம் அறுத்தார்கள். நூறு வருட நாற்காலி நிமிர்ந்து நிற்பதற்கும் பத்து வருட நாற்காலி உளுத்துப்போவதற்கும் பாதிக் காரணம் இதுதான்.

அடுத்தது பெயின்ட். கறுப்போ பச்சையோ எனாமல் பெயின்ட் அடித்துக் காப்பாற்றியதாக நினைத்த தலைமுறை ஒன்று உண்டு. அதை எடுக்கக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்குவது சுலபம். ஆனால் மரம் வெளிறி, நார் எழும்பி, மூட்டுகள் விட்டுப்போகும். நிதானமான ஆசாரி உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் சுரண்டுகிறார். உப்புத்தாளைவிட அது மென்மையாக வேலை செய்கிறது; மரத்தைத் தின்பதில்லை. அடியில் பழைய அரக்கு மெருகு தட்டுப்பட்டால் வேலை பாதி குறைந்தது. ஸ்பிரிட் நனைத்த துணியால் தேய்த்தால் அரக்கு கரைந்து, அதே இடத்தில் மறுபடி பரவிக்கொள்ளும். புது வார்னிஷுக்கு இந்தக் குணம் கிடையாது.

மூட்டைப் பிரிப்பதில்தான் பழைய ஆசாரியின் மூளை வெளிப்படுகிறது. இரும்பு ஆணி இருக்காது. துளைக்குள் கழுந்து இறங்கி, குறுக்கே மர முளையோ மூங்கில் முளையோ அறைந்திருக்கும். முளையைப் பின்பக்கமாகத் தட்டினால் நாற்காலி பொம்மையைப் போல் பாகம் பாகமாகக் கழன்றுவரும். வச்சிரப் பசை போட்டிருந்தால் வெந்நீர் பட்டதும் இளகிவிடும். தன் வேலையை இன்னொருவன் என்றோ ஒருநாள் பிரித்துச் செப்பனிட வேண்டிவரும் என்று தெரிந்தே செய்த வேலை அது. நடுவில் யாராவது இரும்பு ஆணி அடித்து ‘ரிப்பேர்’ செய்திருந்தால்தான் தலைவலி. கடற்காற்றில் ஆணி துருப்பிடித்து, சுற்றியுள்ள மரம் கறுத்து நொய்ந்துபோயிருக்கும். வெள்ளைச் செயற்கைப் பசை போட்டிருந்தால் அதைவிட மோசம். மூட்டு விடாது, கழுந்துதான் உடையும்.

உளுத்த பகுதியை வெட்டியெடுத்து ஒட்டுப் போடும்போது அதே இன மரம் வேண்டும். அதே அளவு முதிர்ந்த மரமாகவும் இருக்க வேண்டும். ரேகை ஓடும் திசையும் பொருந்த வேண்டும். அதனால்தான் நல்ல பட்டறையின் மூலையில் ஒடிந்த கால், பிளந்த பலகை, பாதிக் கதவு என்று ஒரு குப்பைக் குவியல் எப்போதும் இருக்கிறது. அது குப்பையல்ல, உதிரி பாகக் கிடங்கு. எந்த மரம் என்று அடையாளம் காண்பதும் ஒரு வித்தை. திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, சந்தனம் போன்றவை ராஜமரங்கள். அவை சொந்தப் புரையிடத்தில் முளைத்தாலும் சர்க்கார் சொத்துதான். எனவே சாதாரணக் குடும்பங்களின் சாமான்கள் பெரும்பாலும் பலாவிலும், குமரி மாவட்டத்தில் அயனி என்றும் மலையாளத்தில் ஆஞ்சிலி என்றும் சொல்லப்படும் மரத்திலும் இருக்கும். படகு கட்டவும் அதே ஆஞ்சிலிதான். பலா பழகப் பழகத் தேன் நிறத்திலிருந்து செம்பழுப்பாக மாறும். இதை அறியாமல் ‘தேக்கு’ என்று வாங்கிக்கொண்டு போகிறவர்களும், அறிந்தே விற்கிறவர்களும் இந்தத் தொழிலில் குறைவில்லை.

மரத்துக்குக் காப்பாக மலையாள ஆசாரிகளின் பழைய மருந்து முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய். கையில் பட்டால் தோல் வெந்துபோகும். பூச்சி கிட்டே வராது. இது கழிகோலுக்கும் படகுக்கும்தான். உட்காரும் நாற்காலிக்குப் பூசக்கூடாது.

பிரம்பு கடைசியில். சட்டத்தின் ஓரத்தில் வரிசையாகத் துளைகள். நீரில் ஊறவைத்த மெல்லிய பிரம்புக் கீற்றை நெடுக்கில், குறுக்கில், பிறகு இரு மூலைவாட்டிலும் ஓட்டினால் எண்கோணக் கண்கள் விழும். ஊறிய பிரம்பு காயும்போது சுருங்கி இறுகும். பின்னியவன் இழுக்காத இழுப்பைக் காய்ச்சல் இழுத்துக்கொள்ளும். ஒரு நாற்காலியின் இருக்கைக்கு நாள் கணக்கில் குனிந்திருக்க வேண்டும். அதனால்தான் பலரும் பிரம்பைப் பிய்த்துவிட்டு பிளைவுட் பலகையை அறைந்து மேலே மெத்தை தைத்துவிடுகிறார்கள். திருவனந்தபுரத்தின் புழுக்கத்தில் முதுகுக்கு அடியில் காற்று போவதற்காகவே வந்த பிரம்பு அது.

கதவு மேசையானால்

பழுதுபார்ப்பதோடு நின்றால் பிரச்சினையில்லை. ஆனால் அடுக்குமாடி வீட்டில் பத்தாயத்துக்கு நெல் ஏது? ஆட்டுக்கட்டிலைத் தொங்கவிட உத்தரம் ஏது? எனவேதான் மாற்று உபயோகம். பத்தாயத்தின் மேல் கண்ணாடி போட்டால் மேசை. உள்ளே கம்பளி, போர்வை வைத்துக்கொள்ளலாம். ஜன்னல் சட்டத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி. மர உரலைக் கவிழ்த்தால் முக்காலி. மச்சு ஏணி புத்தக அலமாரி. கற்பனைக்கு இடமுள்ள வேலைதான். சில மாற்றங்கள் பார்க்கவே சந்தோஷமாக இருக்கின்றன.

எல்லா மாற்றமும் ஒன்றல்ல என்பதைத்தான் ஷோரூம்கள் சொல்வதில்லை. பத்தாயத்தின் மேல் கண்ணாடி வைத்தால் நாளை அதை எடுத்துவிடலாம். பத்தாயம் பத்தாயமாகவே இருக்கும். செதுக்கிய கதவை நடுவில் அறுத்துக் கால் மாட்டினால் அது இனி எந்த வாசலிலும் நிற்காது. நெட்டூர்ப் பெட்டியின் பித்தளையைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்து மின்னவைத்துவிட்டால், தலைமுறைகள் தொட்டுத் தொட்டு வந்த கருமை திரும்பிவராது. வச்சிரப் பசை போட்ட பழைய ஆசாரி கற்றுத்தந்த பாடமும் இதுதான்: பின்னால் வருகிறவன் பிரிக்க முடிகிறமாதிரி செய். பேக்கரும் ஆக்குளத்தில் கிடைத்த வாசலை மேசையாக்கவில்லை. வாசலாகவே வைத்தார்.

வீட்டையே தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. பழைய கேரள மரவீடுகளில் பலகைச் சுவர்களும் உத்தரங்களும் ஆணியில்லாமல் பொருத்தப்பட்டவை. எண் போட்டுக் கழற்றி வேறிடத்தில் மறுபடி பூட்ட முடியும். கோவளத்தை அடுத்த புளிங்குடியில், சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஒரு ஜெர்மானியர் பல ஊர்களிலிருந்து பழைய மரவீடுகளை வாங்கிக் கழற்றிக் கொண்டுவந்து கடலைப் பார்த்த பாறைமேல் நிறுத்தினார். அதுதான் ‘சூரிய சமுத்ரா’ ரிசார்ட். குமரகத்தில் ‘கோகனட் லகூன்’ அதே வழியில் போனது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் திருவனந்தபுரத்து வீடு ஒன்று இன்று பார்வையாளர்களை வரவேற்கிறது. அந்த வளாகத்தின் தொடக்க வடிவமைப்பிலும் பேக்கரின் கை உண்டு. அருங்காட்சியகத்துக்குப் போன வீட்டுக்கு ஊர், காலம், யார் வாழ்ந்தார்கள் என்ற விவரமாவது கூடப் போகிறது. ரிசார்ட்டுக்குப் போன வீடு ‘பாரம்பரிய அறை’ ஆகிறது. இரண்டும் மண்ணோடு மண்ணாவதைவிட மேல்தான். ஆனால் பழைய மரத்துக்கு விலை ஏற ஏற, இன்னும் இடியாத வீட்டின் சொந்தக்காரருக்குச் சபலம் ஏறுகிறது. வீடாக நிற்பதைவிட மரமாகக் கிடந்தால் விலை அதிகம் என்றால், மீட்பவர்களே இடிப்பதற்குத் தூண்டுகோலாகிவிடுகிறார்கள்.

சட்டம் இதில் வேடிக்கையாக நடந்துகொள்கிறது. 1972இன் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறாண்டு பழமையான கலைப்பொருள் மட்டுமல்ல, கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த நூறாண்டுப் பொருளும் தொல்பொருள்தான். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தொல்பொருள் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். ஆனால் அந்த வாசலைத் தாங்கி நின்ற வீடு, பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்படாத தனியார் வீடாக இருந்தால், அதை இடிக்கும் சொந்தக்காரரை இந்தச் சட்டம் கேள்வி கேட்பதில்லை. வாசலைக் கப்பலேற்றினால் குற்றம். வீட்டை மண்ணாக்கினால் அது அவர் இஷ்டம்.

கைகள் குறைவது இன்னொரு கவலை. திருவிதாங்கூரின் செதுக்கு வேலை ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்றது. உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா விக்டோரியா மகாராணிக்கு அனுப்பிய தந்த சிம்மாசனம் 1851இல் லண்டன் மகா கண்காட்சியில் வைக்கப்பட்டது. 1986இல் இந்திய யானைத் தந்த வியாபாரத்துக்கும், 1991இல் இறக்குமதித் தந்தத்துக்கும் தடை வந்தபின் தந்தம் செதுக்கியவர்களில் பலர் ஈட்டிக்கும் சந்தனத்துக்கும் மாறினார்கள். யானைகள் பிழைத்தன, அது நியாயமான தடைதான். ஆனால் அந்தக் கைத்திறன் பரிசுக் கடைகளில் யானை பொம்மையாகவே சுருங்கிவிட்டது. உடைந்த கட்டில் தலைமாட்டில் விட்டுப்போன ஒரு கொடியைத் தொடர்ந்து செதுக்கத் தெரிந்த கைக்குப் பழுதுபார்க்கும் பட்டறைகளில் வேலை உண்டு. பொம்மை விற்றால் அன்றே காசு. கட்டிலுக்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

வாங்குகிறவர்களும் ஒன்றைக் கவனிப்பதில்லை. ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கும் ஊரின் ஈரத்தில் பழகிய மரம் இது. டில்லியின் வறண்ட குளிரிலோ, இரவும் பகலும் ஏ.சி. ஓடும் அறையிலோ கொண்டுபோய் வைத்தால் முதல் வருடமே சுருங்கத் தொடங்குகிறது. கதவுப் பலகை சட்டத்துக்குள் ஒட்டாமல் சும்மா செருகியிருந்தால் அது உள்ளேயே நகர்ந்து தப்பிக்கும். ‘ஆடுகிறதே’ என்று யாராவது பசை போட்டு இறுக்கியிருந்தால் நள்ளிரவில் வெடிச்சத்தத்தோடு நடுவில் பிளக்கும்.

சாருகசேரைக்கு வேறு சங்கடம். அதன் கைகளுக்கு அடியில் இன்னொரு ஜோடிக் கட்டை இருக்கும். அதை முன்னால் திருப்பிவிட்டால் காரணவர் கால் இரண்டையும் தூக்கி நீட்டிக்கொள்ளலாம். அப்படி நீட்டினால் அது பூமுகம் முழுக்க அடைத்துக்கொள்ளும். இரண்டு படுக்கையறை வீட்டின் ஹாலில் டி.வி.க்கும் சோபாவுக்கும் நடுவே அதற்கு இடமில்லை. கையை அறுத்துக் குட்டையாக்கினால் லிஃப்டில் ஏற்றிவிடலாம். பட்டறையில் அது பத்து நிமிட வேலை. அறுக்காமல் வைத்துக்கொள்ள விரும்புகிறவர் சோபாவை விற்றாக வேண்டும்.